ஐம்பத்தெட்டாம் கட்டு

அசாவு, சவாயி தீவு
6 ஆகஸ்ட் 2018

நிகோவுக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பித்தேன், அழித்துவிட்டேன். நாலு வருஷம் கழித்து எழுதும்போது அந்தச் சொல்லுக்கே கூச்சமாக இருக்கிறது. நீயும் உன் மகள் லானுவும் சுகம்தானே? இங்கே நானும் உன் மாமா பெலேனாதோவும் சுகம். அவருக்கு முழங்கால் வலி, எனக்கு வாய் வலிப்பதே இல்லை என்று அவர் சொல்கிறார்.

இது சமாதானக் கடிதம் இல்லை. வேலைக் கடிதம். அம்மா போனதிலிருந்து நாம் பேசவில்லை என்பது அப்படியே இருக்கட்டும். இதற்கு மட்டும் பதில் போடு.

என் லேப்டாப்புக்குள் எறும்பு கூடு கட்டிவிட்டது. சிரிக்காதே. படகேறி, பஸ்ஸேறி தலைநகர் அப்பியாவரைக்கும் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். கடைக்காரப் பையன் திருகாணியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "டீச்சர், உள்ள முட்டையெல்லாம் இருக்கு, குடும்பமா செட்டிலாயிடுச்சு" என்றான். அத்தோடு பதினோரு வருஷ உழைப்பு போச்சு. பள்ளிப் பிள்ளைகளுக்கான எழுத்துப் புத்தகம், ஆறாயிரத்து நானூறு சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். வர்ற ஜனவரிக்கு எல்லாப் பள்ளிக்கும் அச்சடித்துத் தருகிறோம் என்று இப்போதுதான் மேலிடம் ஒப்புக்கொண்டது. நவம்பர் முப்பது கடைசி நாள். தவறினால் இன்னும் எத்தனை வருஷமோ. எனக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் இருக்கிறது.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். பத்திரமாக வை என்று அவ்வப்போது உனக்கு அனுப்பிய கட்டுகள். அறுபத்தொன்று, பேச்சு நின்ற பிறகும் ஒரு வரி எழுதாமல் அனுப்பிய கடைசி மூன்றையும் சேர்த்து. பென் டிரைவில் வைத்திருக்கிறேன். நீ எழுதிக் கொடுத்த 'ஃபூசி' நிரல் சுருக்கிக் கட்டிய கட்டுகளை நீ எழுதிக் கொடுத்த 'தாதாலா'தான் அவிழ்க்க வேண்டும். புதுக் கணினியில் அது ஓடமாட்டேன் என்கிறது. இந்த உலகத்தில் அதைச் சரிசெய்யத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். என் தலையெழுத்து.

போனில் கேட்டிருப்பேன். நீதான் எடுக்க மாட்டாயே.

எபெனேசா


வுட்ரிட்ஜ், பிரிஸ்பேன்
9 ஆகஸ்ட் 2018

அக்காவுக்கு வணக்கம்.

உங்கள் இருவருடைய நலமும் அறிந்தேன். நாங்களும் நலம். லானுவுக்குப் பன்னிரண்டு ஆகிறது. என்னைவிட உயரம் வந்துவிடுவாள்போல.

ஃபூசியையும் தாதாலாவையும் நான் எழுதியது பழைய பைத்தானில். அந்தக் கணினி மொழி மாறிவிட்டது, அதனால்தான் ஓடவில்லை. புதுத் தாதாலா இத்துடன் இருக்கிறது. பென் டிரைவைச் செருகி, அதை இருமுறை தட்டினால் போதும். கட்டுகள் ஒவ்வொன்றாக அவிழும். பயப்பட வேண்டாம், கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் எதுவும் தொலையாது. உள்ளே போனது எதுவோ அதுதான் வெளியே வரும். அதற்கு நான் பொறுப்பு.

போன் எடுக்காததைப் பற்றி எழுதியிருந்தாய். அம்மாவின் காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து நீ அனுப்பிய அந்த ஒரு வரிக்குப் பிறகு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

புத்தகம் நல்லபடியாக முடியட்டும்.

ஃபலனிகோ


அசாவு
20 ஆகஸ்ட் 2018

நிகோ,

அந்த வரியைப் பற்றி நீ பேசாதே. அதை எழுத எனக்கு ஒரு மாதம் பிடித்தது. பதில் போட உனக்கு நாலு வருஷம் போதவில்லை.

இப்போது உன் 'பொறுப்பு' பற்றிப் பேசுவோம்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் பாடநூல் கூட்டம். ஐந்து ஆசிரியர்கள், தலைமையாசிரியர், பாதிரியாரின் மனைவி. திரையில் விரித்துக் காட்டினேன், பெருமையாக. முதல் பக்கமே வாழைப்பழம். 'அப்பா வாழைப்பழம் வெட்டுகிறார்' என்று நான் எழுதியது, 'அப்பா செய் வெட்டுகிறார்' என்று நிற்கிறது. ஃப‘இ என்பதில் அந்தச் சின்னக் குறியைக் காணோம், வெறும் ஃபஇ. அடுத்த பக்கம், 'டீச்சருக்கு நோய்' என்பது 'டீச்சருக்கு அங்கிருந்து' ஆகிவிட்டது. ம‘இ போய் மஇ. மீனைக் காணோம். சொல்லு என்பதைக் காணோம், விலை என்று இருக்கிறது. ஆறாயிரத்து நானூறு சொல்லிலும் தேடிவிட்டேன் நிகோ. தொண்டையை ஒரு நொடி அடைத்துச் சொல்ல வேண்டிய இடத்தில் போடும் குறி ஒன்றுகூட இல்லை. நீட்டலுக்குப் போடும் மேல்கோடும் இல்லை. எறும்பு தின்றதுபோலப் பொறுக்கிப் பொறுக்கிப் போயிருக்கிறது.

அவர்களில் இளையவன், அந்தச் சின்ன வாத்தியார், என்னைச் சமாதானம் செய்கிறானாம். "பரவால்ல டீச்சர், எல்லாரும் இப்பிடித்தானே எழுதுறாங்க!"

"எல்லாரும் இப்பிடி எழுதுறாங்கன்னுதான்டா இந்தப் புத்தகமே!" என்று கத்தினேன். பாதிரியாரின் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

குறி எங்கே போட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற புத்தகத்தில் குறியைத் தவிர எல்லாம் இருக்கிறது! வீட்டுக்கு வந்தால் உன் மாமா அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, "உன் தம்பி பலுசாமிப் பொட்டலத்த நல்லா இறுக்கித்தான் கட்டியிருக்கான். சேம்பிலை இருக்கு, நாரு இருக்கு, உள்ள ஊத்துற தேங்காய்ப்பாலுதான் இல்ல" என்கிறார். அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு தாமதமாகத்தான் கிடைத்தது.

என்ன செய்தாய் என் எழுத்தை? ஒளிக்காமல் சொல்.

எபெனேசா


வுட்ரிட்ஜ்
22 ஆகஸ்ட் 2018

அக்கா,

நீ திட்டியது போதாது.

பழைய ஃபூசியைத் தேடி எடுத்து வரி வரியாகப் படித்தேன். கட்டுகிற வேலையில் பிழை இல்லை. பைத்தானில் அதற்கென்று இருக்கும் கருவியைத்தான் வைத்திருக்கிறேன், அது நூறு தடவை கட்டி அவிழ்த்தாலும் ஒரு புள்ளியைக்கூட விடாது. பிழை அதற்கு முந்தின வரியில் இருக்கிறது. நான் எழுதிய வரி. கட்டுவதற்கு முன்னால் எழுத்தை 'சுத்தம்' செய்கிற வரி. மேல்கோட்டைக் கழற்று, ஆங்கில விசைப்பலகையில் இல்லாத எழுத்து வந்தால் விட்டுத்தள்ளு, யாரிடமும் சொல்லாதே. அதுதான் அதன் அர்த்தம். சுருட்டுகிற பாய் சிறிதாக இருக்கட்டும் என்று ஓரத்தை வெட்டியிருக்கிறேன். விரித்தால் ஓரம் எங்கிருந்து வரும்?

ஏன் செய்தேன் என்று கேட்பாய். உன் பள்ளிக்கூடத்துச் சாட்டிலைட் ஞாபகம் இருக்கிறதா? ஒரு படம் அனுப்பினால் மத்தியானம்வரை ஓடும், மழை வந்தால் அதுவும் அறுந்துவிடும். எவ்வளவு குறைக்க முடியுமோ குறைத்தேன். உன் குறியால் கணினி தடுமாறி நின்றது, அதைச் சரிசெய்யச் சோம்பல். அப்போது நினைத்தது அப்படியே ஞாபகம் இருக்கிறது. 'யாரு இந்தக் குறியெல்லாம் போடுறாங்க, அக்காவத் தவிர?' அந்த அக்காவுக்காகத்தான் இதை எழுதுகிறேன் என்பது மண்டையில் ஏறவே இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அடிக்காதே. என்னைப்போலச் சோம்பேறிகள் தட்டுகிற நேரான குறி கணினிக்குத் தெரியும். அது தப்பித்திருக்கும். நீ இலக்கணப்படி வளைந்த குறியைத் தேடிப் போட்டாய். சரியாக எழுதினதால்தான் போச்சு.

குறிகளைத் திரும்பப் போடுகிற வேலையில் பாதியை நான் செய்கிறேன். நம் அகரவரிசையில் ம தொடங்கிக் கடைசிவரை என்னுடையது. பைபிளையும் செய்தித்தாள்களையும் வைத்துக் குறியை யூகிக்கிற நிரல் ஒன்று எழுதிவிட்டால் வேகமாக முடியும். கொடு, செய்து தருகிறேன்.

நிகோ


அசாவு
3 செப்டம்பர் 2018

நிகோ,

யூகமா? உன் கணினி ஒருமுறை யோசித்ததே போதும். செய்தித்தாளிலும் குறி கிடையாது, பாதிப் பைபிளிலும் கிடையாது, அதை வைத்து அது எதை யூகிக்கும்? வாயால் சொல்லு. தொண்டை அடைத்தால் போடு, அடைக்காவிட்டால் போடாதே. வேறு குறுக்குவழி இல்லை.

பாதி உன்னுடையது என்று எழுதிக்கொடுத்திருக்கிறாய், வைத்துக்கொள். ஒரு நாளைக்கு அறுபது சொல் வீதம் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. தலைவலி, வேலை, டிராஃபிக் எதுவும் கேட்க மாட்டேன்.

என் பாதியை மகளிர் குழுவுக்குக் கொண்டுபோய்விட்டேன். எப்படியும் மதியத்துக்குமேல் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பாய் முடைகிறார்கள். கைக்குத்தானே வேலை, வாய் சும்மாதானே இருக்கிறது! நான் ஒரு சொல்லை வாசிப்பேன், இருபது பேரும் ஒரே குரலில் சொல்வார்கள், நான் குறி போடுவேன். ஒருத்திக்கு ஒருத்தி ஒத்துக்கொள்ளாவிட்டால் அன்றைக்குப் பாய் நகராது. முந்தாநாள் ஒரு சொல்லுக்காக முக்கால் மணி நேரம் சண்டை. "எங்க ஊர்ல அடைச்சுத்தான் சொல்வோம்", "உங்க ஊர்ல எல்லாத்துக்கும் தொண்ட அடைக்கும், சளி!" என்று. கடைசியில் இரண்டையும் போட்டேன். தெருவில் போகிறவர்கள் பாட்டுப் பயிற்சி என்று நினைக்கிறார்கள்.

நீ அனுப்பிய முதல் இருநூறில் முப்பத்தொன்று தப்பு. சிவப்பில் திருத்தி அனுப்பியிருக்கிறேன். இருபது வருஷம் வெளியூரில் இருந்தால் நாக்கு இப்படித்தான் மரத்துப்போகும். ம‘இ என்பதற்குக் குறி போடாமல் விட்டிருக்கிறாய். அந்தச் சொல்லை நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய், பள்ளிக்கு மட்டம் போடும்போதெல்லாம் அதுதானே?

முப்பத்தொன்றையும் பத்துப் பத்துத் தடவை எழுது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எபெனேசா


வுட்ரிட்ஜ்
16 அக்டோபர் 2018

அக்கா,

எழுதிவிட்டேன், பத்துப் பத்துத் தடவை. அந்தத் தாளை லானு எடுத்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள். மேலே 'அப்பாவின் தண்டனை' என்று தலைப்பு. அதில் தண்டனை என்ற சொல்லுக்குக் குறி சரியாகப் போட்டிருக்கிறாள், பார்த்துக்கொள்.

காலையில் ரயிலில்தான் என் பாதியைச் செய்கிறேன். உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தால் தெரிவதில்லை, சத்தமாகச் சொன்னால்தான் தொண்டைக்குத் தெரிகிறது. எதிரே உட்கார்ந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இருமல் மிட்டாய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். இரண்டாயிரத்து நானூறு முடிந்துவிட்டது. நேற்று வந்த திருத்தத்தில் நாலே நாலு தப்பு. சொல்லிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

முந்தாநாள் பிள்ளைகள் ஞாயிறு. வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு லானு கோயிலில் மனப்பாடம் ஒப்பித்தாள். வீட்டுக்கு வந்து அவளை முதலில் உட்காரவைத்துப் பரிமாறினேன், அம்மா நமக்குச் செய்ததுபோல. அப்புறம் வேலையில் உட்கார்ந்தேன். எந்தக் கட்டில் எந்தச் சொல் இருக்கிறது என்று பட்டியல் போடுவதற்காக அறுபத்தொன்றையும் அவிழ்த்துக்கொண்டு வந்தேன்.

ஐம்பத்தெட்டாவதில் சொற்கள் இல்லை. உன் கடிதம் இருந்தது. அந்தக் கடிதம்.

நாலு வருஷமாக நான் அதைத் திறக்கவில்லை. மனப்பாடமாகத் தெரியும், எதற்குத் திறக்க வேண்டும்? ஆனாலும் இப்போது கையில் இரண்டாயிரத்து நானூறு சொல் பழக்கம் இருக்கிறதே, கண் தானாக ஓடியது. குறி எங்கே, குறி எங்கே என்று. அந்தக் கடிதத்திலும் ஒரு குறிகூட இல்லை, அக்கா. அதுவும் ஃபூசியில் கட்டி வந்ததுதானே.

அந்த ஒரு வரி இப்படி இருக்கிறது. 'அம்மாவின் முகத்தை நீ உயிரோடு பார்க்காமல் போனது லோஉ செசே.'

உன் பிழை. அப்படித்தான் படித்தேன். இத்தனை வருஷமும் அப்படித்தான்.

நீ என்ன எழுதினாய்? ஒரே ஒரு சொல், ஒரே ஒரு இடம். லோஉ என்றா, லோ‘உ என்றா? உன் பிழை என்றா, என் பிழை என்றா?

எதுவாக இருந்தாலும் சொல்லிவிடு.

நிகோ


அசாவு
18 அக்டோபர் 2018

நிகோ,

லோ‘உ. என். என். என். என் பிழை.

என்னைப் பார்த்து நீ எப்படி இந்தக் கேள்வியைக் கேட்கலாம்? மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இருபத்தெட்டு வருஷமாக முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடமே அதுதான். 'தொண்டையை மூடினால் என்னுடையது, திறந்துவிட்டால் உன்னுடையது.' கையைத் தொண்டையில் வைத்துச் சொல்லச் சொல்வேன். அந்தக் குறியை நான் மறப்பேனா?

அம்மா விழுந்த அன்று நீ போன் செய்தாய். "நல்லாத்தான் இருக்கா, லீவு போடாத, கிறிஸ்மஸுக்கு வா" என்று சொன்னது நான். அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டு கையை ஆட்டினாள். "அவனுக்கு வேல புதுசு, கூப்பிடாத, பயந்துருவான்" என்று. சரி என்று பொய் சொன்னேன். ஐந்தாம் நாள் போய்விட்டாள். நீ வந்தபோது பெட்டிக்குள் இருந்தாள். நீ பெட்டியைத் தூக்கினாய், என்னைப் பார்க்கவே இல்லை. அதற்குத்தான் எழுதினேன். ஒரு மாதம் எழுதி எழுதிக் கிழித்து, கடைசியில் அந்த ஒரு வரி.

அந்த ஒரு வரியோடு, பாயைப் போர்த்திக்கொண்டு உன் வாசலில் உட்கார்ந்ததுபோலத்தான் இருந்தேன் நிகோ. நம் ஊரில் தப்புச் செய்தவன் அப்படித்தானே உட்காருவான், வீட்டுக்காரன் வந்து பாயை விலக்குகிறவரைக்கும்? இரண்டு நாள், மூன்று நாள் உட்கார்ந்தவர்களைக் கண்டிருக்கிறேன். நாலு வருஷம் உட்கார்ந்தவள் நான் ஒருத்திதான். என் தம்பிக்கு மனசு கல்லாகிவிட்டது என்று நினைத்தேன். பெலேனாதோவிடம்கூடச் சொன்னதில்லை.

அழுதுவிட்டேன். போனில் சொன்னால் இந்த இடத்தில் உனக்குக் கேட்டிருக்கும், எழுத்தில் கேட்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், இதற்குப் பதில் சொல்லாமல் தப்பிக்காதே. 2008-லிருந்து ஆறு வருஷம் நான் அனுப்பிய கடிதமெல்லாம் குறி இல்லாமல்தானே உனக்கு வந்திருக்கிறது? 'எனக்கு உடம்பு சரியில்லை' என்றபோது சரியாகப் படித்தாய். 'என் வீட்டுக் கூரை ஒழுகுகிறது' என்றபோது உன் வீட்டுக் கூரை என்றா படித்தாய்? இல்லையே! எல்லாவற்றையும் சரியாகப் படித்தவன், இந்த ஒன்றை மட்டும் ஏன் அப்படிப் படித்தாய்?

அக்கா


வுட்ரிட்ஜ்
21 அக்டோபர் 2018

அன்புள்ள அக்கா,

மூன்று நாள் யோசித்தேன். தப்பிக்கவில்லை.

அன்று போனில் உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். நீ பொய் சொல்லும்போது வேகமாகப் பேசுவாய். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அன்றைக்கும் வேகமாகப் பேசினாய். பின்னால் அம்மா மூச்சு வாங்குகிற சத்தமும் கேட்டது. கேட்டும் கேட்காததுபோல, "சரிக்கா, அப்ப கிறிஸ்மஸுக்கு வரேன்" என்று வைத்துவிட்டேன். வேலை புதுசு. நீ கொடுத்த சாக்கைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வேண்டியிருந்தது அது.

அதனால்தான். குறியை எடுத்தது நிரல். அந்த இடத்தில் 'உன்' என்று போட்டுப் படித்தது நான். என் பிழை என்று எனக்கு முன்னாலேயே தெரியும், அதை யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். நீதான் சொல்லிவிட்டாய் என்று உன்மேல் கோபப்பட்டேன். நீ என்னைத் திட்டியிருந்தால்கூட அது உண்மைதானே, அதற்குப் போய்ப் போனை எடுக்காமல் இருப்பேனா? இருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

வாசலில் யாரோ பாய் போர்த்தி உட்கார்ந்திருக்கிறார்கள், என்னைக் குற்றம் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன் நாலு வருஷம். எழுந்திரு அக்கா. பாயை விலக்கிவிட்டேன். நீ இனி அங்கே உட்காரக் கூடாது. உட்கார வேண்டியவன் நான்.

ஓ லோ‘உ செசே. குறி போட்டிருக்கிறேன், வளைந்த குறி, தேடிப் போட்டேன். தப்பிருந்தால் சிவப்பில் திருத்து.

ஃபூசியைப் புதிதாக எழுதிவிட்டேன். சுத்தம் செய்கிற வரியைத் தூக்கி எறிந்தாயிற்று. இப்போது அது கட்டின உடனே தானே அவிழ்த்து, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு புள்ளி மாறியிருந்தாலும் கட்ட மாட்டேன் என்று கத்தும், உன்னைப்போல.

மிச்சம் எண்ணூறு சொல். நவம்பர் ஐந்துக்குள் தருகிறேன். இனி ஒரு நாளைக்கு அறுபது இல்லை, எழுபது.

உன் தம்பி
நிகோ


அசாவு
24 நவம்பர் 2018

அன்புள்ள தம்பி நிகோ,

இந்தத் தடவை அழிக்கவில்லை, பார்த்துக்கொள்.

புத்தகத்தை நேற்றுக் கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் முன்கூட்டியே! மகளிர் குழு மொத்தமும் படகேறி அப்பியாவுக்கு வந்துவிட்டது. 'எங்க தொண்டையும் இதுல இருக்கு' என்று. அலுவலகத்தில் உட்கார நாற்காலி போதவில்லை. வாங்கிக்கொண்ட அதிகாரி முதல் பக்கத்தைத் திருப்பி, வாழைப்பழம் வெட்டுகிற அப்பாவைப் பார்த்துவிட்டு, "நல்ல வேள, குறியெல்லாம் பக்காவா இருக்கு டீச்சர்" என்றார். இருபது பேரும் ஒரே நேரத்தில் சிரித்ததும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. உன் மாமா பலுசாமிப் பொட்டலம் செய்து கட்டிக் கொடுத்தனுப்பியிருந்தார். திறக்கிறதுக்கு முன்னாலேயே போன் போட்டு, "தேங்காய்ப்பாலு ஊத்தியிருக்கேன், உன் தம்பிகிட்ட சொல்லு" என்றார்.

உன் கடைசி எண்ணூறில் ஒரே ஒரு தப்பு. எது என்று சொல்ல மாட்டேன், நேரில் வந்து கண்டுபிடி.

இப்போது நீ கேட்ட திருத்தம். ஒரு மாதம் தள்ளிப்போட்டேன், புத்தகம் முடியட்டும் என்று. நீ எழுதிய 'ஓ லோ‘உ செசே'யில் குறி சரியான இடத்தில், சரியான பக்கம் வளைந்து இருக்கிறது. எழுத்துக்கு முழு மதிப்பெண். பொருளுக்குத் தர மாட்டேன். சொல் தப்பு. நான் அன்றைக்கு எழுதியதிலும் அதே தப்புத்தான், டீச்சராக இருந்து என்ன பிரயோஜனம்?

நான் வேகமாகப் பேசினேன். நீ கேட்டும் கேட்காததுபோல வைத்தாய். அம்மா கையை ஆட்டினாள். அவளைக் கணக்கில் சேர்க்க நமக்கு இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. எண்ணிப் பார், மூன்று பேர். மூன்று பேருக்கு நம் மொழியில் 'என்'னும் இல்லை, 'உன்'னும் இல்லை. ஓ லோ தாதோஉ செசே. நம் பிழை.

டிசம்பரில் லானுவை அழைத்துக்கொண்டு வா. அம்மா வீட்டு முன்னால்தான் படுத்திருக்கிறாள், கல்லறைக்குப் போன வாரம்தான் வெள்ளை அடித்தேன். மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். 'நம் பிழை' என்ற அந்த வரியை உன் ஃபூசியில் போட்டுப் பார்த்தேன். புதியதில் இல்லை. சின்ன வாத்தியாரின் ஓட்டைக் கணினியில் அந்தப் பழைய, கெட்டுப்போன ஃபூசி ஓடும் என்று இப்போதுதான் தெரிந்தது, அதில். கட்டினேன், அவிழ்த்தேன். மேல்கோடு ஒன்று உதிர்ந்துவிட்டது. மற்றபடி நான் எழுதினது அப்படியே வந்தது.

உன் அக்கா
எபெனேசா